மனச்சோர்வுக்கு மருந்து யாது?

தோட்டத் தமிழரிடையே ‘மருந்து’ என்னும் சொல் ஒன்றுக்கொன்று மாறான இரு பொருள்களில் வழங்குகிறது. நோயாளி விழுங்கும் மாத்திரையும் மருந்து. தேயிலைச் சரிவிலும் காய்கறிப் பாத்தியிலும் தெளிக்கும் நஞ்சும் மருந்து. ‘மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்றால் அன்றைய வேலை தெளிப்பு வேலை என்பது விளங்கும். ‘மருந்து குடித்துவிட்டார்’ என்றாலோ கேட்டவர் நெஞ்சு திடுக்கிடும். அமிழ்தத்தையே மருந்தெனப் போற்றிய மொழியில் அச்சொல் நஞ்சுக்கும் பெயரான வரலாறு சொல்லாராய்ச்சியாளர் நோக்குதற்குரியது. ஆயினும் இவ்விருபொருள் வழக்கு வெறுஞ்சொல் வேடிக்கையன்று, உயிரோடு தொடர்புடையது. அதற்குக் கேமரன் மலையே சான்று.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த அம்மலையில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது திரிங்காப். காய்கறிப் பண்ணைகளும் தேயிலை நிலங்களும் சூழ்ந்த குளிர்ந்த ஊர். 1929இல் போ தேயிலைத் தோட்டம் நிறுவப்பெற்றது முதலாகக் கொழுந்து பறிக்கவும் காடு வெட்டவும் தமிழர் இம்மலையேறினர். இன்று கொழுந்தெடுப்போருள் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர். எனினும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் தமிழ்க்குடும்பங்களும் தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன. இம்மலைவாழ் மக்களிடையே நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்த மலேசிய மனநல மருத்துவர் டி. மணியம், தம் முடிபுகளை 1988இல் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார். மக்கள்தொகையில் இந்தியர்க்கு இருந்த பங்கினும் இத்துன்பத்தில் அவர்க்கு இருந்த பங்கு மிகுதி என்பதும், கைக்கெட்டும் இடத்தில் இருந்த வேளாண் நஞ்சே பெரும்பாலும் கருவியாயிற்று என்பதும் அவ்வாய்வினால் வெளிப்பட்டன. அந்நஞ்சுகளுள் கொடியதாகிய பாராகுவாட்டை மலேசியா 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் முற்றிலும் தடை செய்தது. நஞ்சைக் கைக்கு எட்டாமற் செய்தல் உயிர்காக்கும் என்பதற்கு இலங்கையின் பட்டறிவும் சான்றாகும்.

ஆனால் நஞ்சை அகற்றுதல் பாதி வேலையே. அதனை நாடிய மனத்தின் நோய்க்கு என் செய்வது? தற்கொலை அனைத்துக்கும் மனச்சோர்வே காரணம் என்று கூறுதல் பிழை. கடனும் குடியும் குடும்பச் சண்டையும் ஒரு நொடியின் ஆத்திரமும் அதனுட் கலந்திருக்கும். எனினும் கவனிக்கப்படாத மனச்சோர்வு அவற்றுள் முதன்மையான ஒன்று. மருத்துவத்துக்கு இணங்குவதும் அதுவே.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்தல் வேண்டும். நாளிதழ்களிலும் மேடைகளிலும் ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இரு வேறு நிலைகளுக்கு வேறுபாடின்றி ஆளப்படுகிறது. தேர்வு நெருங்கும்போதும் வேலை குவியும்போதும் உண்டாகும் நெருக்கடி ஒன்று. அது சுமை இறங்கினால் இறங்கிவிடும். மற்றொன்று, சுமை இறங்கிய பின்னும் இறங்காத சோர்வு. முன்னதை மனவழுத்தம் என்றும் பின்னதை மனச்சோர்வு என்றும் பிரித்து வழங்கினால் குழப்பம் தீரும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே, நோயுற்றவனை நோக்கி ‘கொஞ்சநாள் ஓய்வெடு, சரியாகிவிடும்’ என்று கூறி அனுப்பிவிடும் வழக்கம் நிலைபெற்றுள்ளது.

மருத்துவர் கொள்ளும் அளவை வருமாறு: இரு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும், மனம் தாழ்ந்திருத்தல் அல்லது முன்பு விரும்பியவற்றில் சுவையற்றுப் போதல், இவற்றோடு உறக்கக் கேடு, பசியின்மை அல்லது மிகையுணவு, அயர்வு, கருத்தூன்ற இயலாமை, தன்னையே இழிவாக எண்ணுதல், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுட் சில சேர்ந்து வருதல். தோட்டப்புறத்தில் இந்நோய் இந்தப் பெயரோடு வருவதில்லை. ‘உடம்பெல்லாம் அசதியா இருக்குங்க ஐயா, தலை பாரமா இருக்கு, ராத்திரி கண்ணு மூடமாட்டேங்குது’ என்றுதான் வரும். அக்காலத் தோட்ட மருத்துவமனையின் டிரெசர் அதற்கு வலிமாத்திரை கொடுத்து அனுப்பினார். இக்காலத்தும் அது நிகழாமல் இல்லை. ஆண்களிடத்தில் நோய் சினமாகவும் குடியாகவும் உருமாறி வருதலும் உண்டு. அப்போது அதனை நோய் என்று கருதுவார் அரியர்.

நோயின் பரப்பும் சிறிதன்று. மலேசிய நாட்டுநல ஆய்வின்படி 2019இல் வயது வந்தோருள் நூற்றுக்கு 2.3 பேர் மனச்சோர்வுடையராய் இருந்தனர். 2023இல் அத்தொகை 4.6 ஆயிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர்.

இனி, கேள்விக்கு வருவோர் பலரும் அதனை இருதலையாகவே எழுப்புவர்: மாத்திரை உண்பதா, மருத்துவரோடோ ஆற்றுநரோடோ உரையாடிக் குணப்படுவதா? ஒருசாரார் மாத்திரைக்கு அஞ்சுவர். அது பழக்கமாகிவிடும், மூளையைக் கெடுக்கும் என்பர். மற்றொருசாரார் உரையாடலை எள்ளுவர். ‘பேசினால் நோய் தீருமா’ என்பர். இரு சாராரும் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

மனச்சோர்வுக்கான மாத்திரை தேடிக் கண்டதன்று; தற்செயலாகக் கிட்டியது. 1952இல் அமெரிக்காவில் ஐப்ரோனையசிட் என்னும் மருந்தைக் காசநோயாளர்க்குக் கொடுத்தபோது, நுரையீரல் ஒருபுறமிருக்க, படுத்த படுக்கையாய்க் கிடந்தோர் முகமலர்ந்து எழுந்து உலவினர். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலாந்து கூன், வேறு நோக்கத்தோடு ஆராய்ந்த இமிப்ரமின் என்னும் பொருள் மனச்சோர்வை நீக்குதல் கண்டு 1957இல் அறிவித்தார். 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளுவாக்சிட்டின், பழைய மருந்துகளினும் தீங்கு குறைந்ததாகலின், உலகெங்கும் பரவிற்று.

இம்மருந்துகள் பயன் தருகின்றனவா என்பதற்கு 2018இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பாய்வு விடை தந்தது. 21 மருந்துகள், 522 சோதனைகள், ஒரு இலட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர். இருபத்தொன்றும் வெற்று மாத்திரையினும் மேம்பட்டன. ஆனால் அம்மேம்பாடு மிகப் பெரிதன்று. மூளையில் செரட்டோனின் என்னும் பொருள் குறைவதே நோய்க்குக் காரணம் எனப் பல்லாண்டு கூறப்பட்ட விளக்கத்துக்கு உறுதியான சான்றில்லை என்பதையும் 2022இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. விளக்கம் தளர்ந்ததனால் மருந்து பொய்யாகிவிடாது. ஒரு மருந்து பயன்படுதல் வேறு. அஃது ஏன் பயன்படுகிறது என்னும் கொள்கை வேறு. பாட்டியின் கைமருந்தை இத்தனை தலைமுறையாக நம்பியோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழக்கமாகிவிடும் என்னும் அச்சத்துக்கு விடை: கள்ளையும் கஞ்சாவையும் போல மேன்மேலும் வேட்கை எழுப்பும் இயல்பு இம்மாத்திரைகட்கு இல்லை. ஆனால் திடுமென நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, உறக்கமின்மை முதலியன தோன்றும். தொடக்கத்தில் குமட்டலும், சிலர்க்குப் பாலுணர்வுக் குறைவும் உண்டு. பயன் தோன்றவோ இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தொல்லை முதலிலும் நன்மை பின்னும் வருதலின், இதனை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவரின் மாத்திரை மூன்றாம் நாளே குப்பைக்குப் போகும்.

உரையாடல் மருத்துவம் என்பதோ ஆறுதல் மொழியும் அன்று, அறிவுரையும் அன்று. இதனைத் தமிழாசிரியர் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஏனெனில் அறிவுரை கூறுதல் அவர்க்குக் கைவந்த கலை. ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்பது, கால் முறிந்தவனை நோக்கி நேரே நட என்பது போன்றது. 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் வகுத்த முறையில், நோயாளியின் உள்ளத்தில் தாமாக ஓடும் எண்ணங்கள், ‘நான் எதற்கும் உதவாதவன்’, ‘இனி ஒன்றும் மாறாது’ என்பன போல்வன, ஒவ்வொன்றாக வெளிக்கொணரப்பட்டு, அவை மெய்தானா என்று நோயாளியாலேயே ஆராயப்படுகின்றன. ஆற்றுநர் மறுத்துரைப்பதில்லை, வினவுகிறார்.

இதனினும் எளிய முறை ஒன்றுண்டு. அதனைச் செயல்தூண்டல் எனலாம். சோர்வுற்றவர் செயல்களைக் கைவிடுகிறார். செயல் குறையவே இன்பமும் குறைகிறது. இன்பம் குறையவே சோர்வு மிகுகிறது. இச்சுழலை எண்ணத்திலன்றிச் செயலில் அறுப்பதே இதன் வழி. திரிங்காப்பில் ஒரு பெண் வைகறையில் வாசலில் கோலமிடுவதை நிறுத்திவிட்டார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை, அண்டை வீட்டாரோடு பேசுவதில்லை எனக் கொள்க. ஆற்றுநர் அவரோடு அமர்ந்து ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதுவார். எந்த நாழிகையில் மனம் சற்றே எழுந்தது, எதில் ஆழ்ந்தது என்று குறிப்பார். பின், மிகச் சிறியதொரு செயலை, மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குறித்த நேரத்தில் செய்யுமாறு உடன்பாடு செய்வார். முதல் வாரத்தில் கோலம் மட்டும். அதுவும் நான்கு புள்ளிக் கோலம். அடுத்த வாரத்தில் கடைவரை நடை. மனம் எழுந்தபின் செயல் என்பது உலகியல். செயல் எழுந்தால் மனம் பின்வரும் என்பது இம்மருத்துவம்.

இவ்விரண்டனுள் எது ஏழை மக்களுக்கு ஏற்றது என்பதை ஏட்டளவிலன்றிக் களத்தில் ஆராய்ந்த பெருமை இந்தியாவின் கோவா மாநிலத்துக்குரியது. விக்ரம் பட்டேல் தலைமையில் மூன்று ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. அவற்றின் போக்கு ஒரு கதைபோலச் சுவையுடையது.

முதல் ஆய்வு 2003இல் லான்செட்டில் வெளிவந்தது. பொது மருத்துவமனைக்கு வந்த 450 பேரை மூன்று கூறாக்கி, ஒரு கூற்றுக்கு ஃபுளுவாக்சிட்டின், ஒரு கூற்றுக்கு வெற்று மாத்திரை, ஒரு கூற்றுக்கு உரையாடல் என வழங்கினர். இரு திங்களில் மாத்திரை வென்றது. உரையாடல் வெற்று மாத்திரையினும் மேம்படவில்லை. அத்தோடு நின்றிருந்தால், ‘ஏழைகட்குப் பேச்சு உதவாது, மாத்திரையே போதும்’ என்னும் முடிபு நிலைத்திருக்கும்.

ஆனால் ஆய்வாளர் அங்கே நில்லாமல், உரையாடலை வழங்கும் முறையையே மாற்றினர். அவ்வூர் மக்களுள் மருத்துவம் பயிலாதவர்களைத் தேர்ந்து, ஆற்றுநராகப் பயிற்றினர். 2010இல் முடிபு வெளிவந்த இரண்டாம் ஆய்வில் 24 மருத்துவ நிலையங்களும் 2,700க்கு மேற்பட்டோரும் பங்கு கொண்டனர். இலேசான நோய்க்கு விளக்கமும் துணையும், கடிய நோய்க்கு மாத்திரையோ உரையாடலோ, மீறியதற்கு வல்லுநர் என்று படிப்படியாக அமைத்தனர். அரசு நிலையங்களில் குணமடைந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 66. அவ்வேற்பாடில்லாத இடங்களில் 43க்கும் குறைவு. தனியார் மருத்துவமனைகளில் இவ்வேறுபாடு காணப்படவில்லை என்பது குறிக்கத்தக்கது. 2017இல் மூன்றாம் ஆய்வு. இதில் கடிய மனச்சோர்வுடைய 495 பேர் சேர்க்கப்பட்டனர். மேற்கூறிய செயல்தூண்டலே மருத்துவம். அதனை வழங்கியோர் அதே ஊர்ப்பொதுமக்கள். அமர்வுகள் ஆறு முதல் எட்டு. பெரும்பாலும் நோயாளர் வீட்டிலோ அண்மை நிலையத்திலோ. மூன்று திங்களில் நோய் நீங்கியோர் நூற்றுக்கு 64; வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் 39. பயன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது.

ஆகவே 2003இல் தோற்றது உரையாடல் அன்று; அம்மக்களுக்கு எட்டாத உருவில் வழங்கப்பட்ட உரையாடல் என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தில் திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தை நினைவுகூர்தல் பொருந்தும். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறார். பரிமேலழகர் ஒவ்வொன்றனுக்கும் நந்நான்கு இயல்பு கூறுமிடத்து, மருந்துக்குரிய இயல்புகளுள் ஒன்றாக அது எளிதிற் கிடைத்தலையும், நோயாளிக்குரியவற்றுள் தன் நோயின் நிலையை உணர்த்துதலையும் மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தலையும் வைத்தார். இவ்வுரையை வகுப்பில் விரைந்து கடந்து செல்வோர் பலர். மாத்திரையா, உரையாடலா என்னும் வழக்குக்கோ இவ்வுரையினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது. மருந்தின் வலிமையை மட்டும் வினவாமல், எளிதிற் கிடைக்குமா, நோயாளி தன் நிலையை எந்த மொழியில் உணர்த்துவான், தொல்லையைப் பொறுக்கும்வரை உடனிருப்பார் யார் என்றெல்லாம் அது வினவச் செய்கிறது.

அவ்வளவுகோலைத் திரிங்காப்புக்குப் பொருத்துக. மாத்திரை எளிதிற் கிடைக்கும். அரசு நலநிலையங்களில் குடிமக்கள் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனையும் உண்டு. உரையாடலோ அவ்வாறன்று. ஆறு அமர்வு என்றால் ஆறு நாள் கூலியில் கைவைக்கும். அதனினும் பெரிது மொழி. காய்ச்சலை மலாயிலும் கூறிவிடலாம். ‘நெஞ்சுக்குள்ளே ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு’ என்பதைத் தாய்மொழியிலன்றி எவரும் கூறுதல் அரிது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆற்றுநர் பதிவு பெறுதல் வேண்டும். அவருள் தமிழில் உரையாட வல்லவர் மலைமேல் எத்துணையர் என்பதே நோயாளியின் உண்மையான தேர்வை முடிவு செய்கிறது. நூல்கள் இரு வழி காட்டும். ஊரில் ஒரு வழியே திறந்திருக்கும்.

இதனோடு அச்சமும் சேர்கிறது. மலையடியில், ஈப்போவுக்கு அருகில் 1911இல் தொடங்கப்பெற்ற பெரிய மனநல மருத்துவமனை தஞ்சோங் ரம்புத்தானில் உள்ளது. பகாகியா, அஃதாவது மகிழ்ச்சி, என்று அதற்கு அழகிய பெயரிட்டும், ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. ‘இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு’ என்று பிள்ளைகள் விளையாட்டில் கூவுவதைக் கேளாத ஆசிரியர் இலர். மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுவோருள் மிகப் பலர் எந்த மருத்துவமனையிலும் தங்குவதில்லை; புறநோயாளராகவே குணமடைகின்றனர். இச்செய்தி ஊருக்கு எட்டவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2023வரை இருந்தது. பிழைத்தெழுந்தவர் ‘தவறிக் குடித்துவிட்டேன்’ என்று பொய் கூற நேர்ந்தது. பொய் கூறியவர்க்கு மனநோய் மருத்துவம் எங்ஙனம் கிட்டும்? அவ்வாண்டில் அப்பிரிவு நீக்கப்பட்டமையால், உண்மை கூறி உதவி பெறும் வழி திறந்தது. 15555 என்னும் எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியும் 2022 முதல் உண்டு.

இனித் தேர்வின் நெறி. இங்கிலாந்தின் மருத்துவ நெறிக்குழு 2022இல் வகுத்தது இது: இலேசான நோய்க்கு மாத்திரையை முதல் மருந்தாக வழக்கமாக நீட்டலாகாது, உரையாடலும் உடற்பயிற்சியும் முந்துக. கடிய நோய்க்கு இரண்டும் சேர்க. பல ஆய்வுகளும் தனித்தனி மருந்தினும் கூட்டு மருந்தே சிறந்தது என்றே காட்டுகின்றன. உரையாடலின் பயன் அது முடிந்த பின்னும் நீடிக்கும். மாத்திரையின் பயன் பெரும்பாலும் உண்ணுங்காலத்தளவு. மறுதலையாக, உணவும் உறக்கமும் ஒழிந்து, சொல்லும் எழாமற் கிடப்பவரிடத்து ஆறு வார உரையாடலை எதிர்பார்த்தல் கொடுமை. அவர்க்கு மருத்துவரும் மருந்தும் உடனே வேண்டும். சாவை நாடுவோரைத் தனியே விடலாகாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. முன்பு எப்போதேனும் அளவிறந்த களிப்பும் உறக்கமற்ற ஊக்கமும் வந்ததுண்டா என்று மருத்துவரிடம் சொல்லுதல் இன்றியமையாதது. இருமுனை நோயாளர்க்கு இம்மாத்திரை மட்டும் கொடுத்தால் வெறி எழக்கூடும். இளைஞர் நிலையும் தனித்தது. அமெரிக்க மருந்துத்துறை 2004இல் சிறார்க்கும், 2007இல் 24 வயதுவரை உள்ளோர்க்கும், மருந்து தொடங்கும் நாள்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று கண்காணிக்குமாறு எச்சரித்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் மாத்திரை தொடங்கினார் எனில், முதற் சில வாரங்கள் வீட்டாரும் ஆசிரியரும் கண் வைத்திருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள். மருந்தே ஆகாது என்பது அன்று.

கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றையொன்று தடுப்பன அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு நேர்த்திக்கடன் செலுத்தச் சொல்வோரே தடை.

நோய் நீங்கியபின் மாத்திரையைக் குறைந்தது ஆறு திங்கள் தொடர்தல் முறை. முன்பே நோய் வந்து மீண்டவராயின் இன்னும் நெடிது. நன்றாயிற்றே என்று இடையில் நிறுத்துவோரே மிகுதி. அவருட் பலர்க்கு நோய் மீள்கிறது. நிறுத்துங்கால் மருத்துவர் சொற்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துதல் வேண்டும். அந்த ஆறு திங்களும் மருத்துவரை நோயாளி காண்பது சில முறையே. எஞ்சிய நாள்களில் மாத்திரை உண்டாயிற்றா என்று கேட்பவரும், நான்கு புள்ளிக் கோலம் எட்டுப் புள்ளி ஆனதைக் கண்டு சொல்பவரும் மனைவியோ மகனோ அண்டை வீட்டு அக்காவோ பள்ளியாசிரியரோ ஆவர். வள்ளுவர் நான்காவதாக வைத்த பேணுவோனுக்கு உரையாசிரியர் முதற்கண் வேண்டிய இயல்பு, நோயாளியின்பால் அன்புடைமை; மற்றொன்று, மருத்துவர் சொன்னதைச் சொன்னவாறே செய்து முடிக்கும் வன்மை.